காலி அறைகளின் பொறுப்பாளர்

வந்தவர்களைப் பார்த்து "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று கேட்டால், எங்கள் மதுரைப் பக்கத்தில் ஜென்மத்துக்கும் அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான்.

மே மாத வெயில். சரோஜினி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவருடைய அறைக்குள் போனேன். கையில் ஒரு தூக்குவாளி, அதில் நான் வறுத்து அரைத்த பருப்புப் பொடி. டெல்லியில் மெட்ரோ ரயில் அப்போதுதான் ஒரு பக்கமாக ஓடத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் வரவில்லை.

"உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க. எப்பம் கிளம்புதீங்க?"

"இப்பத்தானே சார் வந்தேன்!"

"அது தெரியுது. இங்க எடம் குடுத்தா எப்பம் காலி பண்ணுவீங்கன்னு கேக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுப்பில் இருக்கிறவர் திருநெல்வேலிக்காரர், நம் ஆள், கொஞ்சம் தயவாகப் பேசுவார் என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல தயவு! ரெண்டு வருஷம் இருக்கலாம் என்று பேப்பரில் போட்டிருக்கிறதே என்றேன். "அது கடைசித் தேதி. அதுக்கு முன்னாடியே போனீங்கன்னா எனக்குச் சந்தோசம்" என்றார். பிறகு சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகியிருந்த ஒரு சின்ன எவர்சில்வர் ஸ்பூனை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, பொடியில் கொஞ்சம் அள்ளி உள்ளங்கையில் போட்டு நக்கினார். "யாரு வாங்குவா?" என்று மட்டும் கேட்டார்.

நகரத்தின் மேற்கே ஒரு பெரிய விவசாய ஆராய்ச்சி வளாகம். அதன் பின்கோடியில், ஒரு காலத்தில் விதை மூட்டைகள் அடுக்கி வைத்திருந்த நீளக் கட்டடம்தான் அவருடைய ராஜ்ஜியம். ஆறு அறைகள், நடுவில் ஒரு மெஷின் ஹால், ஓரத்தில் ஒரு சின்ன லேப். தின்பண்டமோ மாவோ செய்து விற்க ஆசை இருக்கிறது, மெஷின் வாங்கப் பணம் இல்லை என்பவர்கள் அங்கே சின்ன வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தொழில் தொடங்கலாம். அரைக்கிற மெஷின், உலர்த்துகிற பெட்டி, பாக்கெட் ஒட்டுகிற மெஷின் எல்லாம் பொது. சரக்கு எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று லேபில் பார்த்துச் சொல்வார்கள். லைசென்ஸ் வாங்க எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்பதையும் சொல்வார்கள். கடன் வாங்கி மெஷின் போட்ட பிறகு சரக்கு விற்கவில்லை என்று தலையில் கை வைத்து உட்காரும் நிலைமை வராது. இதற்கு இன்குபேட்டர் என்று பெயர். எங்கள் பக்கத்து க்வார்ட்டர்ஸ் மாமி கடைசி வரைக்கும் நான் கோழிக்குஞ்சு பொரிக்கிற இடத்தில் வேலை பார்ப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

எனக்கு நான்காம் நம்பர் அறை கொடுத்தார். பக்கத்து அறையில் தர்பங்காவிலிருந்து வந்த ஒருவர் மக்கானா வறுத்தார். குளத்தில் விளையும் விதையைப் பொரித்து எடுக்கும் வெள்ளைப் பொரி அது. எதிர் அறையில் ஹரியானாக்கார அம்மா ஒருவர், நெல்லிக்காய் மிட்டாய். கடைசி அறையில் சோனிபத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர், காளானை உலர்த்தி சூப் பொடி செய்தார்கள். எல்லாருக்கும் அவர் 'சார்'தான். பெயர்ப் பலகை இருந்தது, ஆனால் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

என் புத்தியைச் சொல்ல வேண்டும். என் பொடியை யார் வாங்குவார்கள்? டெல்லித் தமிழர்கள்தான், வேறு யார்? மோதி பாக், ஆர்.கே. புரம், சரோஜினி நகர் என்று க்வார்ட்டர்ஸ் க்வார்ட்டர்ஸாக நம்மவர்கள் இருக்கிறார்களே என்று, பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் தமிழில் 'பருப்புப் பொடி' என்று அச்சடித்துக்கொண்டு வந்தேன். மூலையில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். பெருமையாக அவர் மேஜையில் வைத்தேன். அவர் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட லீவுக்கு என்னோடு வந்திருந்த என் மகளைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு, படி பாப்போம்."

அவள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டெல்லியில் பிறந்து இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பெண். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. "மம்மி, யே க்யா லிகா ஹை?" என்ன எழுதியிருக்கிறது என்று என்னையே கேட்டாள். என் மூஞ்சி செத்துப்போயிற்று.

அவர் சிரிக்கக்கூட இல்லை. "நம்ம வீட்டுல கடைக்குப் போறது யாரு? இந்தப் புள்ளைங்கதான. நீங்க சமையல்கட்டுல இருந்து சத்தம் போடுவீங்க, ஒரு பாக்கெட் வாங்கிட்டு வான்னு. அது போய் எதைப் பாத்து எடுக்கும்?" என்றார். பிறகு, இந்த ஊர்க்காரர்களுக்குப் பருப்புப் பொடி என்றால் என்னவென்றே தெரியாது, சூடான சாதத்தில் நெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும் என்று இந்தியில் போடுங்கள், ஒரு படமும் போடுங்கள் என்றார். படம் போட்ட பிறகுதான் பஞ்சாபி வீடுகளிலும் என் பொடி நுழைந்தது. அதில் ஒரு வீட்டில் அதைப் பரோட்டாவுக்குள் வைத்துச் சுடுகிறார்கள் என்று தெரிந்து தலையில் அடித்துக்கொண்டேன். "எப்படித் தின்னா என்ன, அடுத்த மாசமும் வாங்குதாங்களா? அதப் பாருங்க" என்றார் அவர்.

மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு நாங்கள் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஹரியானா அம்மாவின் ரொட்டி, என் புளிசாதம், தர்பங்காக்காரரின் சத்து மாவு உருண்டை எல்லாம் கை மாறும். அவரைக் கூப்பிட்டால் வர மாட்டார். தன் அறையில், சோதனைக் கடுகு வயலைப் பார்த்த ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடுவார். ஒருநாள் நான் விடாப்பிடியாகப் போய்க் கூப்பிட்டேன்.

"ஒரு நாளைக்கு வந்தா என்ன சார், நாங்க என்ன தீண்டத்தகாதவங்களா?"

"அய்யய்ய, என்ன பேச்சு பேசுதீங்க! உங்களோட உக்காந்து சாப்பிட்டுட்டேன்னு வைங்க, நாளைக்கு உங்களப் போங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்லுவேன்?"

அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டப்பாவில் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். நான் ஹாலுக்குத் திரும்பி வந்தேன். எனக்குப் புளிசாதம் இறங்கவில்லை.

அவர் மனைவி பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். மாநில அரசு வேலை, டெல்லிக்கு மாற்றல் கிடையாது. இவர் மத்திய அரசு, அந்தப் பக்கம் போக இடம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை போய் வருவார். ஊரிலிருந்து வந்த மறுநாள், ஊர் எப்படி இருக்கிறது சார் என்று கேட்டால், "எல்லாம் நல்லா ஓடுது" என்பார். ஒரு மெஷினைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும்.

ஓர் அறை காலியானால் மட்டும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஸ்வீப்பர் வரும்வரை காத்திருக்க மாட்டார். பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, ரப்பர் குழாயைப் பிடித்து, அறையைத் தானே கழுவி விடுவார். கதவை விரியத் திறந்து போட்டு, காற்றாடியைச் சுழல விட்டு, வராந்தாவில் யார் வந்தாலும், "ரெண்டாம் நம்பர் காலி!" என்பார். பேரன் பிறந்ததைச் சொல்கிற குரல் அது. காலி என்றால் அவருக்கு ஒருவர் பிழைத்துக்கொண்டார் என்று அர்த்தம். ஹரியானா அம்மா போனபோதும் அப்படித்தான். அவருடைய கிராமத்தில் நெல்லிக்காய் விலை போகாமல் மரத்தடியிலேயே அழுகிக் கிடக்குமாம். இப்போது அக்கம்பக்கத்து ஊர்க் காயையும் அந்த அம்மாவே எடுத்துக்கொள்கிறார், கழுவவும் கீறவும் வேலைக்குப் பெண்கள் வருகிறார்கள் என்று சார் எங்களிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஆனால் அந்த அம்மா கட்டிய புதுக் கொட்டகையின் திறப்பு விழாவுக்கு அவர் போகவில்லை.

யாருடைய இடத்துக்கும் அவர் போனதில்லை. "ஏன் சார், அவ்வளவு ஆசையா கூப்பிட்டாங்களே?" என்றேன்.

"போனா ஏதாவது கோளாறு கண்ணுல படும். என் வாய் சும்மா கெடக்காது. சொல்லுவேன். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் என்னய போன்ல கேப்பாங்க. பெறகு அவங்க போனதுக்கு என்ன அர்த்தம்?"

இதெல்லாம் மற்றவர்களுக்கு நடந்தவரையில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு என் முறை வந்தது. இரண்டு வருடம் முடிய இன்னும் நாள் இருந்தது. அதற்குள், "நீங்க ரெடியாயிட்டீங்க, கிளம்பலாம்" என்று சொல்லிவிட்டார். நான் அழாத குறையாகப் போய் நின்றேன். வெளியே வாடகை என்ன வாடகை! மெஷினுக்கு பேங்க் கடன், கரண்ட் பில், அதுபோக ஆட்கள். என் வீட்டுக்காரர் சம்பளத்தில் இந்தச் சூதாட்டம் ஆட முடியுமா?

"இன்னும் ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் குடுங்க சார். உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது? வாடகை ஒழுங்காத்தான தாரேன்?"

"குடுக்க மாட்டேன்."

"அந்த ரூம் சும்மாதான கிடக்கப்போவுது?"

"கெடக்கட்டும். இங்க இருந்தா நீங்க ஒரு ஆளு அரைப்பீங்க, நீங்க ஒரு ஆளு ஒட்டுவீங்க. வெளிய போனா நாலு பேர வேலைக்கு வெக்காம முடியாது. அந்த நாலு பேரு வீட்டுல அடுப்பு எரியும்லா? நீங்க இங்க பயந்து உக்காந்திருக்க வரைக்கும் அவங்களுக்கு வேலை இல்ல. அத யோசிச்சுப் பாருங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன கல்நெஞ்சு என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். மறு வாரம் அவரே ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். ஜங்புராவில் ஒரு கொட்டகை, வாடகை குறைவு. பக்கத்தில் சாக்கடைக் கால்வாய் ஓரமாக மதராசி கேம்ப், நம்மவர்களின் குடிசைகள். "அங்க நம்ம ஊர்ப் பொம்பளைங்க வீட்டு வேலைக்கு அலையுதாங்க. உளுந்து எது, துவரை எதுன்னு நீங்க சொல்லிக்குடுக்க வேண்டாம்" என்றார். பழைய அரவை மெஷின் ஒன்றைப் பேசி முடித்து வைத்திருந்தார். தரத்தை அவரே போய்ப் பார்த்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. கிளம்புகிற அன்று காலில் விழப் போனேன். "அதெல்லாம் வேண்டாம், ஜல்தி கிளம்புங்க, டெம்போக்காரன் வெயிட்டிங் கேப்பான்" என்று விரட்டினார். டெம்போ திரும்பும்போது பார்த்தால், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு குழாயைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த வருடம் மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஏதோ பாக்கெட் சோதனைக்காக லேபுக்குப் போயிருந்தேன். அங்கேதான் ஹெட் கிளார்க் என்னை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறது. இந்தக் கட்டடத்தை இன்குபேட்டராகவே வைத்துக்கொள்வதா, கூட்டம் நடத்துகிற ஹாலாக மாற்றுவதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் வருகிறார்கள். அறைகள் நிரம்பியிருந்தால் பிழைத்தது, இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள்.

"மேடம், நீங்களாவது சொல்லுங்கள். தர்பங்காக்காரரும் அந்த அண்ணன் தம்பியும் இந்த மாதமே கிளம்புகிறார்கள். மற்ற நாலு அறையும் ஏற்கெனவே காலி, புது ஆட்கள் தீபாவளி கழிந்துதான் வருவார்கள். இவர்களைக் குழு வந்து போகும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்" என்று இந்தியில் புலம்பினார்.

நான் நேராக அவர் அறைக்குப் போனேன். "ஒரு மாசம்தான சார். அவங்களே வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க."

"சொல்ல மாட்டாங்க. அதாம் பிரச்சினை. இங்க இருக்க மெஷின வெச்சு அவங்க தீபாவளி ஆர்டர முடிக்க முடியாதும்மா. புது எடத்துல பெரிய மெஷின் போட்டாச்சு. எனக்காக இங்க உக்காந்திருந்தா சீசன் போயிரும். ஒரு தீபாவளி போச்சுன்னா அடுத்த வருசம் கடைக்காரன் வேற ஆளப் பாத்துருவான்."

"உங்க எடம் போயிருமே சார்?"

"எடம் எதுக்கு இருக்கு? அவங்க போறதுக்குத்தான இருக்கு" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அந்த மாதத்திலேயே இரண்டு அறைகளும் காலியாயின. ஆறும் காலி. அன்றைக்கும் அவர் கழுவி விட்டாராம், ஆனால் வராந்தாவில் சொல்லி மகிழ ஆள் இல்லை என்று ஹெட் கிளார்க் சொன்னார்.

எனக்குத் தாங்கவில்லை. இவர் விட்டால் விடட்டும், நாம் விடக் கூடாது என்று, அங்கே இருந்து போன ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். குழு வருகிற அன்று காலையில் எல்லாரும் அவரவர் பாக்கெட்டோடு வந்து நின்றால் போதும், பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும் என்றேன். எல்லாரும் ஒரே குரலாக வருகிறேன் என்றார்கள். "ஆயேங்கே பெஹன்ஜி, பக்கா!" என்று தர்பங்காக்காரர் சத்தியம் செய்யாத குறை. இதை சாரிடமும் சொன்னேன்.

"எதுக்கு அவங்களத் தொந்தரவு பண்ணுதீங்க? சாட்சி சொல்லதுக்கா?" என்று கடிந்துகொண்டார்.

ஆனால் அந்த நாள் காலையில் நான் போனபோது, மெஷின் ஹாலில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார். மேஜையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள். அவை ஆபீஸ் டம்ளர்கள் அல்ல, அவர் வீட்டிலிருந்து கொண்டு வந்தவை என்று பியூன் சொன்னான். அவரோ சலவை மடிப்புக் கலையாத சட்டையில், பையில் பேனாவும் ஸ்பூனுமாக, கேட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்க ஏன் வந்தீங்க? அங்க யாரு பாப்பா?" என்றார்.

யாரும் வரவில்லை.

குழு வந்துவிட்டது. நடுவயது அம்மா ஒருவர் தலைமை. கெட்டவர் இல்லை, முந்தைய நாள் முழுக்க இதே மாதிரி நாலைந்து இடம் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வராந்தாவில் நடந்தார்கள். முதல் அறை, காலி. இரண்டாவது, காலி. ஒவ்வொரு பூட்டையும் சார்தான் திறந்தார். ஒவ்வொன்றும் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அதுவே வினையாகப் போயிற்று. இதில் யாருமே இருந்த மாதிரி தெரியவில்லையே என்று அந்த அம்மா கேட்டார்.

"இருந்தாங்க. போயிட்டாங்க" என்றார் அவர் இந்தியில்.

"எங்கே?"

"வேலையா இருக்காங்க."

அவ்வளவுதான் சொன்னார். மனிதர் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லக் கூடாதா! யார் யார், எந்தெந்த ஊர், எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது என்று எங்களிடம் நாள் பூராவும் பேசுகிறவர், அந்த இடத்தில் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டு நின்றார். நான்தான் முந்திக்கொண்டு போனேன். நான் இங்கே இருந்தேன், இப்போது ஜங்புராவில் எனக்குச் சொந்த யூனிட் இருக்கிறது, கேம்ப்பிலிருந்து பெண்கள் வேலைக்கு வருகிறார்கள், இவர் இல்லாவிட்டால் நான் இன்னும் தூக்குவாளியோடுதான் அலைந்திருப்பேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கொட்டினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "பஹுத் அச்சா" என்றார். பிறகு வரிசையாக இருந்த வெற்று நாற்காலிகளை ஒரு முறை பார்த்துவிட்டு, நேரமாயிற்று என்று கிளம்பினார். டம்ளர்கள் கவிழ்ந்தபடியே இருந்தன.

அவர்கள் கார் போன பிறகுதான் என் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"என்ன சொல்லுதாங்க?" என்றார் அவர்.

"என்னத்தச் சொல்லுவாங்க! தர்பங்காக்காரர் லாரி காஜிப்பூர் பார்டர்ல நிக்குதாம், சரக்கு இறக்கணுமாம்."

"முழு லாரியா?"

"ஆமா. அந்த அண்ணன் தம்பிக்கு ஏதோ ஹோட்டல்காரங்க பாக்க வந்துட்டாங்களாம்."

"ஹோட்டலா! அச்சா! பெறகு?"

"ஹரியானா அம்மாவுக்கு தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் கட்டி முடியலயாம். ராத்திரி பகலா ஆள் வெச்சுக் கட்டுறாங்களாம்."

நான் சொல்லச் சொல்ல அந்த முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இவருடைய பிழைப்பில் மண் விழுந்திருக்கிறது, இவர் லாரி முழுசா என்று கேட்கிறார்!

"யாரும் வரலன்னா நல்லதும்மா. வந்திருந்தாங்கன்னா வேலை இல்லாம இருக்காங்கன்னுல்லா அர்த்தம்" என்றார். சொல்லிவிட்டு நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். நானும் கை கொடுக்கப் போனேன். "நீங்க விடுங்க. போங்க, உங்க ஆளுங்க காத்திருப்பாங்க" என்று திரும்பாமலே சொன்னார். கடைசி நாற்காலியை மட்டும் அடுக்காமல் அதில் உட்கார்ந்துகொண்டார்.

புது வருடம் பிறந்து கொஞ்ச நாளில் இன்குபேட்டரை மூடிவிட்டார்கள். அறைகளுக்கு நடுவிலிருந்த சுவர்களை இடித்து ஹால் ஆக்கினார்கள். அவருக்கு வேறொரு கட்டடத்தில் ஒரு மேஜை கொடுத்தார்கள் என்று கேள்வி. நான் போன் செய்தால் எடுப்பார், "ஆர்டர் இருக்குல்லா? வைங்க, வேலையப் பாருங்க" என்று வைத்துவிடுவார். பிறகு அந்த நம்பரும் இல்லாமல் போயிற்று. ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்டார் என்று ஹெட் கிளார்க் சொன்னார். சரி, கடைசிக் காலத்திலாவது குடும்பத்தோடு இருக்கட்டும் என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் சாயங்காலம், சரோஜினி நகரில் ஒரு பெரிய மளிகைக் கடைக்குப் போனேன். என் சரக்கைக் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது என் வழக்கம். அலமாரிக்கு முன்னால் ஒருவர் எனக்கு முதுகு காட்டி நின்று, என் பருப்புப் பொடிப் பாக்கெட்டைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டு, பின்னால் ஒளிந்திருந்த பாக்கெட்டுகளை எடுத்து முன்வரிசையில் நிறுத்தினார். முடி முழுக்க நரைத்திருந்தது. பக்கவாட்டில் பார்த்தேன். சட்டைப் பையில் பேனா இல்லை. ஸ்பூன் இருந்தது.

"சார்!"

திருடியவர் மாதிரி திடுக்கிட்டார். உடனே சமாளித்துக்கொண்டு, "அட்ரஸ் மாறியிருக்கே? பெரிய எடமா?" என்றார்.

"ஆமா சார். ஓக்லா. நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"போனேன். அங்க எல்லாம் நான் இல்லாமலே நல்லா ஓடுதும்மா. எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. தண்ணி குடிக்கணும்னாலும் கேட்டுத்தான் குடிக்கணும். விருந்தாளி எத்தன நாளைக்கு இருக்க முடியும்? இங்கயே முனிர்க்கால ஒரு ரூம் எடுத்திருக்கேன்."

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வாங்க சார், ஒரு நாளாவது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், இப்போது யாரையும் போகச் சொல்ல வேண்டிய வேலை உங்களுக்கு இல்லையே என்றேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு பில் போடுகிற இடத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

கல்லாவில் இருந்த பையன் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். மக்கானா. நெல்லிக்காய் மிட்டாய். காளான் சூப் பொடி. எனக்கு முன்பே அங்கிருந்து போனவர்களின் ஊறுகாய், அவல், சிறுதானிய பிஸ்கட். கடைசியாக என் பருப்புப் பொடி. "அங்கிள், ஹர் ஹஃப்தே வஹீ சீஸேன்?" என்று பையன் சிரித்தான். வாரா வாரம் இதையேதான் வாங்குகிறாராம். அன்றைக்கு அந்த நாற்காலிகளுக்கு வராமல் போனவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அந்தக் கல்லா மேல் வரிசையாக நின்றார்கள்.

அவர் கூச்சத்தோடு எல்லாவற்றையும் துணிப்பைக்குள் அள்ளிப் போட்டார்.

"வீட்டுக்கு எதுக்கும்மா தனியா வரணும்? தெனமும் உங்க கூடத்தான சாப்பிடுதேன்" என்றார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போங்க, நேரமாகுது, அங்க யாரு பாப்பா?" என்று என்னை விரட்டினார்.

அந்த ஒரு தடவை நான் போகவில்லை. முனிர்க்கா பஸ் வரும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.